உலாவி அறிவிப்புத் தொல்லை: எந்த வழியால் நிறுத்துவது?

"உங்கள் கைப்பேசியில் ஐந்து வைரஸ்கள் உள்ளன, உடனே துப்புரவு செய்யுங்கள்" என்றும், "உங்களுக்கு வந்த பொதி தடுத்து வைக்கப்பட்டுள்ளது" என்றும் திரையின் மேற்புறத்தில் ஓயாமல் அறிவிப்புகள் வந்து விழும்போது, யாழ்ப்பாணத்து வீடுகளில் பெரும்பாலும் இரண்டு முடிவுகளில் ஒன்றுதான் எடுக்கப்படுகிறது. ஒன்று, கைப்பேசியைக் கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஒரு கடைக்குக் கொண்டுபோய் எல்லாவற்றையும் அழித்துத் தரச் சொல்வது. மற்றையது, வருவது வரட்டும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுக்கொண்டே இருப்பது. இவ்விரண்டுக்கும் நடுவில் செலவில்லாத பல வழிகள் இருக்கின்றன. அவற்றுள் எதைத் தெரிவது என்று குழம்பி நிற்பவர்களுக்காகவே இந்த ஒப்பீடு.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இந்தத் தொல்லை பெரும்பாலும் வைரஸால் வருவதில்லை. நாம் கொடுத்த ஓர் அனுமதியால் வருகிறது. இணையத்தளங்கள் உலாவி வழியாக அறிவிப்பு அனுப்பும் வசதி 2015இல் குரோமிலும் 2016இல் பயர்பொக்ஸிலும் வந்தது. தளம் மூடப்பட்டிருந்தாலும் செய்தி வந்துசேரும் என்பதே அதன் பயன். மோசடித் தளங்களைக் கவர்ந்ததும் அதுவே. நல்லூர்த் திருவிழாவின் நேரலையையோ, கிரிக்கெட் ஆட்டத்தையோ, நேற்றுத் தவறவிட்ட தொடர்நாடகத்தையோ தேடிப் போகிறவர் ஒரு கறுப்புப் பெட்டியைக் காண்பார். அதன் நடுவே வட்டம் ஒன்று சுழன்றுகொண்டிருக்கும். மேல் மூலையை நோக்கி ஓர் அம்புக்குறியும், "நீங்கள் ரோபோ அல்ல என்பதை உறுதிசெய்ய அலவ் என்பதை அழுத்துங்கள்" என்ற வரியும் இருக்கும். அழுத்தினால் படம் ஓடாது. அறிவிப்பு அனுப்பும் அனுமதி மட்டும் அந்தத் தளத்துக்குக் கிடைத்துவிடும். பிளொக் என்பதை அழுத்தினாலும் பக்கம் உடனே வேறொரு முகவரிக்குத் தாவி, அதே கேள்வியை மீண்டும் கேட்கும். உலாவி ஒவ்வொரு முகவரியையும் தனித்தளமாகக் கணக்கிடுவதால், அங்கே மறுத்தது இங்கே செல்லுபடியாகாது.

உங்களுக்கு வருவது இந்த வகை அறிவிப்புத்தானா என்பதை அறிவிப்பைப் பார்த்தே அறியலாம். அதில் குரோம் போன்ற உலாவியின் சின்னமும், பக்கத்தில் ஓர் இணையத்தள முகவரியும் இருக்கும். முகவரி இல்லாமல் வேறொரு செயலியின் பெயரில் வந்தால், அது அந்தச் செயலியின் வேலை; அதற்கு அச்செயலியை நீக்குவதே வழி. ஐபோனில் நிலைமை வேறு. அங்கே இணையத்தளங்கள் அறிவிப்பு அனுப்பும் வசதி 2023இல் ஐஓஎஸ் 16.4 பதிப்புடன்தான் வந்தது. அதுவும் முகப்புத் திரையில் நாமே சேர்த்துவைத்த தளங்களுக்கு மட்டும். ஆகவே ஐபோனில் "வைரஸ்" என்று நினைவூட்டல் வந்தால், மோசடி நாட்காட்டி ஒன்றுக்குத் தவறுதலாகச் சந்தா சேர்ந்திருக்கிறீர்களா என்று கலண்டர் கணக்குகளில் பாருங்கள்.

## எவற்றைக் கொண்டு எடைபோடுவது

எனது பார்வையில் ஐந்து கேள்விகள் முக்கியமானவை. இப்போது வந்துகொண்டிருப்பது நிற்குமா? நாளை இன்னொரு தளம் ஏமாற்றிக் கேட்கும்போது அதையும் தடுக்குமா? நமக்கு வேண்டிய அறிவிப்புகள் அதனோடு சேர்ந்து போய்விடுமா? காசு, நேரம், தரவிழப்பு என்று பிறகு தெரியவரும் செலவு ஏதும் உண்டா? ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கும் பிள்ளை, கோப்பாயில் இருக்கும் அம்மாவுக்கு வட்ஸ்அப் அழைப்பில் சொல்லிக்கொடுத்தே செய்விக்கக்கூடிய அளவுக்கு அது எளிதா?

கடைசிக் கேள்வியைப் பல வழிகாட்டிகள் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் எங்களுடைய ஊரில், கருவியைப் பயன்படுத்துபவர் ஒருவரும் அதைப் பராமரிப்பவர் வேறொருவருமாக இருப்பது மிகச் சாதாரணம். ஆதலால் நான் அதற்கே அதிக எடை கொடுக்கிறேன்.

மூன்றாவது கேள்வியையும் இலேசாக எடுத்துவிடக் கூடாது. மரண அறிவித்தல்களைத் தளத்தின் அறிவிப்பு வழியாகவே அறிந்துகொள்ளும் பெரியவர்கள் இங்கே பலர். சுவிஸில் காலமான ஒன்றுவிட்ட தமையனின் செய்தி ஒரு நாள் பிந்தித் தெரிவது அவர்களுக்குச் சின்ன விடயம் அல்ல. "எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன்" என்று பெருமையாகச் சொல்லும் பேரப்பிள்ளை, அம்மம்மாவுக்கு வேண்டிய ஒன்றையும் சேர்த்தே நிறுத்தியிருக்கலாம்.

## ஒவ்வொரு தளமாக நிறுத்துதல்

அன்ட்ரொய்ட் கைப்பேசியில் தொல்லை தரும் அறிவிப்பு வந்தவுடன் அதைத் தட்டாமல், விரலை அதன்மேல் சற்று அழுத்திப் பிடித்தால் அதை நிறுத்துவதற்கான தெரிவுகள் தோன்றும். குரோமின் புதிய பதிப்புகளில் அன்சப்ஸ்கிரைப் என்ற பொத்தான் அறிவிப்பின் கீழேயே காட்டப்படுகிறது. ஒரே தொடுகையில் அந்தத் தளத்தின் அனுமதி போய்விடும். வேண்டிய அறிவிப்புகளுக்குச் சேதமில்லை, செலவுமில்லை.

ஆயினும் இது எதிர்காலத்தை எவ்வகையிலும் பாதுகாப்பதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு: ஒரு தளம் ஏமாற்றிய இடத்தில் பெரும்பாலும் மூன்று நான்கு முகவரிகளுக்கு அனுமதி போயிருக்கும். ஒன்றை நிறுத்தினால் மற்றையது வரும். பாவிப்பவரோ "நிறுத்தினேன், நிற்கவில்லை" என்று நம்பிக்கை இழந்துவிடுவார். முகவரிகளை வாசித்து, எது செய்தித்தளம், எது அர்த்தமில்லாத எழுத்துகளின் கோவை என்று பிரித்தறியக்கூடியவருக்கு இது போதுமானது. கண் மங்கிய பெரியவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். விரலை அழுத்திப் பிடிப்பதற்குப் பதிலாகத் தட்டிவிட்டால், அவர் நேரே மோசடிப் பக்கத்துக்குள் போய்விடுவார்.

## உலாவியிலேயே கோரிக்கைகளை அடைத்தல்

குரோமின் மூன்று புள்ளிகளை அழுத்தி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நொட்டிபிகேஷன்ஸ் என்று போனால், மேலே ஓர் ஆளியும், கீழே இதுவரை அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலும் இருக்கும். ஆளியை நிறுத்திவிட்டால் இனிமேல் எந்தத் தளமும் அனுமதி கேட்கவே முடியாது. ஏமாற்றுப் பக்கம் எத்தனை அம்புக்குறி காட்டினாலும் அழுத்துவதற்கு அலவ் பொத்தான் தோன்றாது. இரண்டாவது கேள்விக்கு இதைவிட உறுதியான விடை வேறெந்த வழியிலும் இல்லை.

ஆனால் இங்கேதான் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். படலையைப் பூட்டினால் புதிதாக எவரும் வர முடியாதே தவிர, ஏற்கெனவே முற்றத்துக்குள் வந்துவிட்டவர் வெளியே போய்விடுவதில்லை. முன்னரே அனுமதி பெற்ற தளங்கள் விதிவிலக்குகளாகப் பட்டியலில் அப்படியே இருக்கும். அவற்றின் அறிவிப்புகளும் வந்துகொண்டே இருக்கும். ஆகவே பட்டியலில் உள்ள ஒவ்வொரு முகவரியையும் திறந்து நீக்கவோ தடுக்கவோ வேண்டும். ஆளியை அதற்குப் பிறகு நிறுத்தினாலே வேலை முழுமையாகும். இதே விதிவிலக்கு நமக்குச் சாதகமாகவும் அமைகிறது. மரண அறிவித்தல் தளத்தையும், நம்பிக்கையான செய்தித்தளம் ஒன்றையும் பட்டியலில் விட்டுவிட்டு ஆளியை நிறுத்தினால், வேண்டியவை தொடர்ந்து வரும், வேண்டாதவை புதிதாக நுழைய மாட்டா. மூன்றாவது கேள்விக்கும் இதுவே நல்ல விடை.

கணினியில் பயர்பொக்ஸ் பாவிப்பவர்களுக்கு இது இன்னும் எளிது. பிரைவசி அன் செக்கியூரிட்டி என்ற பகுதியில் பேர்மிஷன்ஸ் என்பதன் கீழ் நொட்டிபிகேஷன்ஸ் இருக்கும். அங்கே எல்லாத் தளங்களையும் ஒரே தடவையில் நீக்கும் பொத்தானும், புதிய கோரிக்கைகளைத் தடுக்கும் சிறுபெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உள்ளன. இத்தகைய கோரிக்கைகளை மக்கள் எவ்வளவு குறைவாக விரும்புகிறார்கள் என்பதை பயர்பொக்ஸை உருவாக்கும் மொஸில்லாவே 2019இல் வெளியிட்டது: ஒரு மாத காலத்தில் பயர்பொக்ஸ் காட்டிய 145 கோடி கோரிக்கைகளில், ஏற்கப்பட்டவை ஏறத்தாழ 2 கோடி 37 இலட்சம் மட்டுமே. கோரிக்கைகளை அடியோடு அடைப்பதால் எதையோ இழந்துவிடுவோம் என்று தயங்குபவர்களுக்கு இந்த எண்கள் தெளிவு தரும்.

இவ்வழியின் மறைவான செலவு, ஒவ்வோர் உலாவிக்கும் இதைத் தனித்தனியே செய்ய வேண்டியிருப்பது. சம்சுங் கைப்பேசியில் சம்சுங் இன்ரநெற் என்ற உலாவிக்கு வேறொரு பட்டியல் உண்டு. குரோமில் செய்த துப்புரவு அங்கே செல்லாது. கணினியிலும் குரோமில் ஒன்றுக்கு மேற்பட்ட பயனர் கணக்குகள் இருந்தால், ஒவ்வொரு கணக்கிலும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். கொமினிகேஷன் கடைகளிலும் ரியூசன் நிலையங்களிலும் பலர் மாறி மாறிப் பாவிக்கும் கணினிகளில் தொல்லை ஒழியாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். உலாவல் வரலாற்றை மட்டும் அழித்தால் போதும் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. அனுமதிகள் வரலாற்றில் சேமிக்கப்படுவதில்லை. அழிக்கும்போது சைட் செட்டிங்ஸ் என்ற பெட்டியையும் தெரிவுசெய்தால் மட்டுமே அவை போகும்.

தொலைபேசியில் சொல்லிக்கொடுக்க முடியுமா என்றால், முடியும். ஆனால் பொறுமை வேண்டும். வட்ஸ்அப் காணொளி அழைப்பில் திரையைப் பகிரச் செய்து, ஒவ்வொரு முகவரியையும் அம்மாவை வாசிக்கச் சொல்லி, "இது வேணுமோ, வேண்டாமோ" என்று கேட்டுக் கேட்டு நீக்குவதே நல்ல முறை. திரையைப் பகிரும் வேளையில் வங்கிச் செயலியைத் திறக்க வேண்டாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

## கைப்பேசி அமைப்பில் உலாவியையே பேசாமல் வைத்தல்

அன்ட்ரொய்டின் பிரதான செட்டிங்ஸுக்குள் போய், அப்ஸ் என்பதில் குரோமைத் திறந்து, அதன் அறிவிப்புகளை முற்றாக நிறுத்தலாம். விண்டோஸ் கணினியிலும் சிஸ்டம் என்பதன் கீழ் நொட்டிபிகேஷன்ஸில் குரோமுக்கென்று தனி ஆளி உண்டு. இரண்டே நிமிட வேலை. எந்த முகவரியையும் வாசிக்கத் தேவையில்லை. அவசரமாகத் தொல்லையை நிறுத்த வேண்டியபோது, குறிப்பாகப் பயந்துபோயிருக்கும் ஒருவருக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொடுக்க, இதைவிட எளிதான வழி இல்லை.

ஆயினும் வேண்டிய தளங்களின் அறிவிப்பும், பதிவிறக்கம் முடிந்தது என்ற செய்தியும் இதனோடு போய்விடும். கணினியில் வட்ஸ்அப் வெப் பாவிக்கும் அலுவலகத்தவருக்குப் புதுச் செய்தி வந்ததே தெரியாது. வேரும் இதனால் அறுவதில்லை: விண்டோஸில் இப்படி வாயை அடைத்தாலும், மோசடித் தளத்துக்கு உலாவி கொடுத்த அனுமதி அப்படியே இருக்கும், பிறகொரு நாள் யாராவது ஆளியைத் திரும்பப் போட்டால், பழைய தளங்கள் எல்லாம் சேர்ந்து வரும். இதை முதலுதவியாகச் செய்துவிட்டு, ஆறுதலாக இருக்கும் நேரத்தில் உலாவியின் பட்டியலைத் துப்புரவு செய்வதே சரி.

## விளம்பரத் தடுப்பான்களும் டிஎன்எஸ் வடிகட்டலும்

கொஞ்சம் தொழில்நுட்பம் தெரிந்த இளைஞர்கள் முதலில் சொல்வது இதைத்தான். கணினியிலும் அன்ட்ரொய்டிலும் பயர்பொக்ஸில் யூபிளொக் ஒரிஜின் என்ற நீட்சியை, அதாவது உலாவியோடு சேர்க்கும் சிறு நிரலை, சேர்த்தால், ஏமாற்றுப் பக்கங்களுக்கு இழுத்துச் செல்லும் விளம்பரங்களிற் பெரும்பகுதி தோன்றாது. டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரைக் கொண்டு அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துத் தரும் சேவை. அன்ட்ரொய்ட் 9 முதல் உள்ள பிரைவேட் டிஎன்எஸ் வசதியில் வடிகட்டும் சேவை ஒன்றைக் குறித்துவிட்டால், மோசடித் தளங்கள் பல திறக்கவே மாட்டா. வருமுன் காப்பதற்கு இவை உண்மையிலேயே நல்லவை.

வந்த பின் காக்குமா என்பதில்தான் ஏமாற்றம். ஒரு தளம் அறிவிப்பு அனுப்பும்போது, அது தன்னுடைய சேவையகத்திலிருந்து நேரே உங்கள் கைப்பேசிக்கு வருவதில்லை. குரோம் என்றால் கூகுளின் சேவையகம் வழியாகவும், பயர்பொக்ஸ் என்றால் மொஸில்லாவின் சேவையகம் வழியாகவும் வருகிறது. மோசடித் தளத்தின் பெயரை டிஎன்எஸ் தடுத்திருந்தாலும் செய்தி அந்த வழியால் வந்துசேரக்கூடும்; தட்டினால் பக்கம் திறக்காமல் போகலாம் என்பதே கிடைக்கும் பலன். ஏற்கெனவே கொடுத்த அனுமதியை இவை எதுவும் நீக்குவதில்லை. அன்ட்ரொய்ட் குரோமில் நீட்சிகளைச் சேர்க்கவும் முடியாது. மேலும், "அறிவிப்புத் தடுப்பான்" என்ற பெயரில் வரும் அறியாத நீட்சிகளை நிறுவுபவர், தான் பார்க்கும் ஒவ்வொரு பக்கத்தையும் வாசிக்கும் உரிமையை முன்பின் தெரியாத ஒருவருக்குக் கொடுக்கிறார். ஒரு தொல்லையைத் தீர்க்கப் போய் அதைவிடப் பெரிய ஒன்றை வீட்டுக்குள் அழைப்பதாக அது முடியலாம்.

நம்பிக்கையற்ற தளம் ஒன்றைத் திறந்தே ஆக வேண்டும் என்றால் இன்னும் எளிதான வழி ஒன்று உண்டு. குரோமின் இன்கொக்னிற்றோ சாளரத்தில் (உலாவல் வரலாற்றைச் சேமிக்காத தனிச் சாளரம்) அறிவிப்புக் கோரிக்கைகள் தாமாகவே மறுக்கப்படும்.

## உலாவியே பார்த்துக்கொள்ளும் என்று விடுதல்

உலாவி நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. 2020 ஜனவரியில் பயர்பொக்ஸும், அடுத்த மாதம் குரோமும், இந்தக் கோரிக்கைகளை அமைதியான சிறு சின்னங்களாக மாற்றும் முறையைக் கொண்டுவந்தன. அதே ஆண்டின் நடுப்பகுதியில், ஏமாற்றிக் கேட்கும் தளங்களைக் குரோம் அடையாளங்கண்டு அவற்றின் கோரிக்கைகளை ஒதுக்கத் தொடங்கியது. 2025இல் அன்ட்ரொய்ட் குரோமில், சந்தேகத்துக்குரிய அறிவிப்பை மறைத்து எச்சரிக்கை காட்டும் வசதியும் வந்தது.

இவை எல்லாம் இற்றைப்படுத்தப்பட்ட கருவிக்கே கிடைக்கும். எங்கள் வீடுகளில் பெரியவர்கள் கையில் இருப்பதோ, விடுமுறைக்கு வந்துபோன உறவினர் விட்டுச்சென்ற பழைய கைப்பேசிதான். அன்ட்ரொய்ட் 7இல் இயங்கும் கருவிகளுக்குக் குரோமின் புதிய பதிப்புகள் 2023உடன் நின்றுவிட்டன. அன்ட்ரொய்ட் 8, 9 ஆகியவற்றுக்கு 2025உடன் நின்றன. அதிகம் ஏமாற்றப்படக்கூடியவர்களின் கைகளிலேயே குறைந்த பாதுகாப்புள்ள கருவிகள் இருக்கின்றன என்பது எனக்கு உண்மையான கவலை. புதிய கைப்பேசி வைத்திருப்பவருக்கு இது மேலதிகக் காவல். பழையது வைத்திருப்பவர் இதை நம்பி இருக்கக் கூடாது.

## கைப்பேசியை முழுவதும் அழித்தல்

தொல்லை நிற்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கொடுக்கும் விலையைப் பாருங்கள். காப்புப்பிரதி எடுக்காத படங்களும் வட்ஸ்அப் உரையாடல்களும் போய்விடும். வங்கிச் செயலிகளில் மறுபடி பதிவு செய்ய வேண்டும். இவற்றைவிட மோசமானது ஒன்று உண்டு. செட்டிங்ஸ் வழியாக அல்லாமல், பொத்தான்களை அழுத்தித் திறக்கும் மீட்புத் திரை வழியாக அழித்தால், அன்ட்ரொய்ட் பழைய கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். அது திருட்டைத் தடுக்க வைக்கப்பட்ட பூட்டு. அந்தக் கணக்கைச் சில ஆண்டுகளுக்கு முன்னர் யாரோ ஒரு பேரன் அவசரத்தில் திறந்து கொடுத்திருப்பான். கடவுச்சொல் ஒருவருக்கும் தெரியாது. நல்ல கைப்பேசி ஒன்று அத்தோடு பூட்டுப்பட்டுவிடும். இவ்வளவுக்கும் பிறகு, அடுத்த கிழமை அதே நேரலைப் பக்கத்தில் அலவ் அழுத்தினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும், ஏனென்றால் புதிதாக்கப்பட்ட குரோமில் கோரிக்கைகள் மறுபடியும் திறந்தே இருக்கும்.

உலாவியின் சின்னமோ முகவரியோ இல்லாத விளம்பரங்கள் திரை முழுவதும் தோன்றி, எந்தச் செயலியால் வருகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாமல் போனால் மட்டும் இந்த வழியை யோசிக்கலாம். அப்போதும் காப்புப்பிரதி எடுத்து, கூகுள் கடவுச்சொல்லை உறுதிசெய்த பின்னரே கடைக்குப் போங்கள்.

## யாருக்கு எது

தனியே இருக்கும் பெரியவரின் கைப்பேசிக்கு, பட்டியலைத் துப்புரவு செய்து, வேண்டிய இரண்டொரு தளங்களை மட்டும் விட்டுவிட்டு, குரோமின் ஆளியை நிறுத்துவதையே நான் முதலிடத்தில் வைப்பேன். ஒரே தடவை செய்தால் நெடுநாள் நிற்பது அதுதான். பிள்ளை வெளிநாட்டில் இருந்து, உடனே அழைப்பில் உட்கார நேரமில்லையென்றால், அன்றைக்கு அமைப்பில் குரோமை நிறுத்தச் சொல்லிவிட்டு, வார இறுதியில் மிகுதியைச் செய்யலாம். முகவரிகளை வாசித்துப் பிரித்தறியும் மாணவருக்கு அன்சப்ஸ்கிரைப் பொத்தானும் ஒரு விளம்பரத் தடுப்பானும் போதும். பலர் பாவிக்கும் கடைக் கணினியில், எந்தத் தளத்தையும் விட்டுவைக்காமல் ஒவ்வோர் உலாவியிலும் ஒவ்வொரு கணக்கிலும் முற்றாக அடைத்துவிடுவதே பொருத்தம். அங்கே எவருடைய அறிவிப்பும் வரத் தேவையில்லை.

அறிவிப்பைத் தட்டி, திறந்த பக்கத்தில் வங்கி அட்டை எண்ணையோ கைப்பேசிக்கு வந்த ஓடிபியையோ ஒருவர் கொடுத்துவிட்டார் என்றால், மேலே சொன்ன ஒப்பீடு எதுவும் அந்த நேரத்துக்கு உரியது அல்ல. முதலில் அட்டையின் பின்புறத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்து அட்டையை முடக்கச் சொல்லுங்கள். "துப்புரவுச் செயலி" என்று எதையாவது நிறுவச் சொல்லி, அதையும் செய்திருந்தால், அச்செயலியை நீக்கிவிட்டு வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். வந்த அறிவிப்பையும் பக்கத்தின் முகவரியையும் படம்பிடித்து வைத்துக்கொண்டால், வங்கிக்கும் பொலிஸாருக்கும் முறையிட உதவும். அனுமதிப் பட்டியலைத் துப்புரவு செய்வது அதற்குப் பிறகான வேலை.